பழைய காருக்குப் புதிய பிரேக்

பாட்டனார் ஓட்டிய மோட்டார் காரைப் பேரன் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பார்ப்பது இப்பொழுது எங்கள் திருப்பூர்ப் பகுதியில் அடிக்கடி காணும் காட்சியாகிவிட்டது. நான் அறிந்த பின்னலாடைக் குடும்பங்கள் பலவற்றில், தொழிலில் நாலு காசு நின்றவுடன் வாங்கிய முதற் பெரும் பொருள் ஓர் அம்பாசடர் கார்தான். பகலில் அதன் டிக்கியில் பனியன் பண்டல்கள் ஏறும். மாலையில் அதே வண்டி குடும்பத்தாரை அவிநாசிக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும். மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரை அடியொற்றி, 1950களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கிய அந்த வண்டி, 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நிற்கும் வரை வெளித்தோற்றத்தில் பெரிதும் மாறாமலே வந்தது. அதனோடு பியட் என்று நாம் அழைத்துப் பின்னர் பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்ற வண்டியும், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஆங்காங்கே உயிரோடு இருக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்பு ஒன்று உண்டு. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அதனைக் கழற்றிவிட்டு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தலாமா, பொருத்தினால் எப்படிப் பொருத்த வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

பிரேக் என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடுவோர் உளர். எனக்கும் அதில் விருப்பம் உண்டு. எனினும் பட்டறைக்குப் போய், "தடைக்கட்டையைச் செப்பனிடுக" என்று சொன்னால் மெக்கானிக் திகைத்து நிற்பார். ஆதலால் பட்டறைச் சொற்களையே இங்கு ஆளுகிறேன்.

என்னிடம் படித்த ஒருவர் அண்மையில் தம் தந்தையாரோடு வந்திருந்தார். "ஐயா, அப்பாரு வண்டிக்கு முன்னாலே டிஸ்க் போட்டறலாமுங்களா?" என்பது மகனின் கேள்வி. "எங்கப்பா நாப்பது வருஷம் டிரம்முலேயே ஓட்டுனாருங்க வாத்தியாரே. ஒரு கீறல் இல்லீங்க. அந்த வண்டியிலே கையே வைக்கப்படாது" என்பது தந்தையின் வாதம். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒருவர் உயிரைப் பற்றிப் பேசுகிறார்; மற்றவர் நினைவைப் பற்றிப் பேசுகிறார். இந்த வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் முதலில் பிரேக் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்போம். அது சக்கரத்தை நிறுத்துகிறது; வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. ஓடும் வண்டியிலுள்ள ஆற்றல் மறைந்து போவதில்லை. பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. ஆகவே பிரேக் என்பது வெப்பத்தை உண்டாக்கி, அதனைக் காற்றில் கொட்டிவிடும் கருவி. ஆட்களோடும் மூட்டைகளோடும் 1,500 கிலோ எடையுள்ள ஓர் அம்பாசடர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்து நிற்குமானால், அதிலிருந்து வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 3,70,000 ஜூல். குழாய்த் தண்ணீர் ஒன்றேகால் லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வேகம் 40 ஆக இருந்தால் அதில் கால் பங்குதான். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இதனைப் பள்ளிக்கூடத்தில் சூத்திரமாக எழுதிப் போட்டபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், இன்று நாற்கர நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறார்கள்.

சமதரையில் இந்த வெப்பம் பெரிய இடர் அன்று. ஒரு முறை நிறுத்துகிறோம். பிறகு காற்று பட்டு ஆறுகிறது. மலைச்சாலைதான் கணக்கை மாற்றிவிடுகிறது. உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் அதற்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் தாழ்வில் இருக்கிறது. அதே வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல் 2 கோடியே 80 லட்சம் ஜூல். அஃதாவது 95 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். கலியாண வீட்டுப் பெரிய அண்டாவை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். இதில் ஒரு பங்கை எஞ்சினும், ஒரு பங்கைக் காற்றின் எதிர்ப்பும் ஏற்றுக்கொள்ளும். மற்றதெல்லாம் நான்கு டிரம்களின் தலையில்தான் விழுகிறது. எஞ்சினின் பங்கு எவ்வளவு என்பது ஓட்டுபவர் எந்தக் கியரில் இறங்குகிறார் என்பதைப் பொறுத்தது. அப்பாரு நாற்பது ஆண்டு ஓட்டியதன் இரகசியத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து ஓட்டுநர்கள் ஏறிய கியரிலேயே இறங்கினார்கள்.

டிரம் என்பது வாணலி போன்ற ஒரு வார்ப்பிரும்புப் பாத்திரம். சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது. அதனுள்ளே பிறை வடிவமான இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. அவற்றின் முதுகில் லைனிங் ஒட்டப்பட்டிருக்கும். காலால் மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் ஷூக்களை வெளிப்புறமாகத் தள்ளி டிரம்மின் உட்சுவரில் பதிக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. சுழல்கிற டிரம், தான் சுழலும் திசையை நோக்கி நிற்கும் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்கிறது. நாம் கொஞ்சம் மிதித்தால் அது நிறையப் பிடிக்கும். பழைய கார்களில் பூஸ்டர் இல்லாமலே பெண்களும் முதியோரும் ஓட்ட முடிந்தது இதனால்தான். டிரம் பிரேக்கை ஏளனமாகப் பேசுவோர் இந்த அழகை அறியாதவர்கள்.

டிஸ்க் பிரேக்கை விளக்க வேண்டுமானால் நம் வீட்டுச் சைக்கிளைக் காட்டினால் போதும். ரிம்மை இரண்டு ரப்பர் கட்டைகள் இருபுறமும் கவ்வுகின்றன அல்லவா? அதே முறைதான். ரிம்முக்குப் பதிலாக ஓர் இரும்புத் தட்டு. ரப்பருக்குப் பதிலாகப் பேட். கவ்வுகிற கையாகக் காலிப்பர். தட்டு திறந்த வெளியில் சுழல்வதால் காற்றுப் பட்டு விரைவில் ஆறுகிறது. தண்ணீர் பட்டாலும் இரண்டொரு சுற்றில் உதறிவிடுகிறது. டிரம்முக்குள் மழைநீர் புகுந்தால், வெள்ளம் தேங்கிய ரயில்வே கீழ்ப்பாலத்தைத் தாண்டி வந்தவர் அறிவார், நாலைந்து முறை மிதித்து உலர்த்தினால்தான் பிடிப்புத் திரும்பும்.

இரண்டும் ஒரே வயதின என்றால் சிலர் வியப்பர். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றது 1902ஆம் ஆண்டு. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கியதும் அதே ஆண்டுதான். அன்று தட்டைக் கவ்வுவதற்கு ஏற்ற பொருள் கிடைக்கவில்லை. செம்புப் பட்டை வைத்தார்கள். அது காது கூசக் கீச்சிட்டது. டிரம் வென்றது, அரை நூற்றாண்டு ஆண்டது. பின்னர் விமானச் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வளர்ச்சி பெற்றது. 1953ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் முதலிடம் பெற்றது. அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதன்முறை. நெடுநேரம் வேகமாக ஓடி, ஒவ்வொரு வளைவிலும் தயங்காமல் பிடிக்கக்கூடிய பிரேக் இருந்ததால், ஓட்டுநர்கள் வளைவின் அருகே வரும்வரை வேகத்தைக் குறைக்காமல் வந்தார்கள். 1955இல் சித்ரோயன் டி.எஸ். என்ற பிரெஞ்சுக் கார் அதனைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் பிரேக் உறுப்புகள் செய்வதற்கென்றே பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தோன்றியது. சென்னைப் பாடியில் அதன் தொழிற்சாலை அமைந்தது. பிற்கால அம்பாசடர்களிலும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தும் முறையைச் சொல்லும்போது அது பயன்படும்.

இனி, டிரம் மலையில் ஏன் கைவிடுகிறது என்பதற்கு நான் கண்டதையே சொல்கிறேன். 1980களின் நடுவில் குன்னூரில் ஒரு திருமணம் முடிந்து ஓர் அம்பாசடரில் ஏழு பேர் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் என் அத்தை, மடியில் குழந்தை. முன்னிருக்கையில் ஓட்டுநரை ஒட்டி நான். பர்லியாறு நெருங்கும்போது லைனிங் கருகும் வாடை வந்தது. ஓட்டுநர் எதுவும் பேசவில்லை. அவர் கால் மிதியை அடிவரை அழுத்துவதையும், வண்டி அதற்கேற்பக் குறையாததையும் நான் பார்த்தேன். அவர் கியரை இரண்டுக்குத் தள்ளினார், எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டே, மலைச்சரிவை ஒட்டிய பக்கத்து மண்மேட்டில் சக்கரத்தை உரச விட்டு நிறுத்தினார். ஒருவர் வாளித் தண்ணீர் கொண்டுவந்து டிரம்மின் மேல் ஊற்றப் போனார். ஓட்டுநர் தடுத்துவிட்டார், காய்ந்த வார்ப்பிரும்பு தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு மிதித்துப் பார்த்தால் பிரேக் எப்போதும் போல் பிடித்தது!

கவனியுங்கள்: எந்த உறுப்பும் உடையவில்லை. ஆயில் கசியவில்லை. ஆறியவுடன் எல்லாம் சரி. வெப்பத்தால் டிரம் விரிந்து ஷூக்களை விட்டு விலகுகிறது. அதனால் மிதி ஆழமாகப் போகிறது. லைனிங் அளவுக்கு மீறிக் காய்ந்து உராய்வுத் தன்மையை இழக்கிறது. டிஸ்க்கில் முதற்கேடு இல்லை. சூடேறினால் தட்டு தடித்துப் பேட்டை நோக்கியே வரும். மூன்றாவது கேடு ஒன்று இரண்டுக்கும் பொது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். குமிழை அழுத்தலாம், குமிழ் சுருங்குமே தவிரச் சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. பத்தாண்டாக மாற்றாத ஆயிலோடு டிஸ்க் பொருத்திய காரும் மலையில் கைவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்ற ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு மேல் இராது.

டிஸ்க் போட்டால் கார் பாதித் தூரத்தில் நிற்கும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். நன்றாகச் செப்பனிட்ட டிரம் பிரேக்கும் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முறை சக்கரத்தைக் கட்டி நிறுத்தும் வலிமையுடையதே. அதற்கு மேல் நிறுத்துவது டயரின் வேலை. வெடிப்பு விழுந்த பன்னிரண்டு வயது டயரை வைத்துக்கொண்டு டிஸ்க்குக்குப் பணம் கட்டுவது, ஓட்டைக் குடத்துக்குப் பித்தளை மூடி வாங்குவது போன்றது. டிஸ்க்கின் பயன் இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது முறை மிதிக்கும்போதுதான் தெரியும், மழையில் தெரியும், இடமும் வலமும் ஒரே அளவாகப் பிடித்து வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்பதில் தெரியும். அப்பாரு ஓட்டிய சாலையில் முன்னே சென்றவை அதே வகை வண்டிகள். இன்று அவிநாசி நெடுஞ்சாலையில் முன்னே செல்வது, 2019 ஏப்ரல் முதல் சட்டப்படி ஏ.பி.எஸ். கருவியோடு வரும் புதுக் கார். அது சட்டென்று நின்றால் பின்னே வரும் பழைய காரும் நிற்க வேண்டும். அந்தத் தந்தையாருக்கு நான் கூறிய முதல் மறுமொழி இதுதான்.

இனி, பொருத்தும் முறை. இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள். டிஸ்க் என்பதை ஒரு தனிப் பொருளாக நினைக்கிறார்கள். காலிலிருந்து சாலை வரை நீளும் ஒரு சங்கிலியில் அது ஒரு கண்ணி. ஒரு கண்ணியை மாற்றினால் மற்றவற்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

வேறு ஏதோ ஒரு காரின் காலிப்பரை வாங்கி, இரும்புத் தகட்டைக் கேஸால் வெட்டி, அதனை அச்சில் பற்றவைத்துப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அங்கிருந்து உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பிரேக் மிதிக்கும்போது அந்தத் தகடு தாங்க வேண்டிய முறுக்கு மிகப் பெரிது. பற்றவைத்த இடத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. டிஸ்க் பிரேக்கோடு வந்த பிற்கால அம்பாசடரின் முன்புற உறுப்புகளை அச்சு, ஹப், தட்டு, காலிப்பர் எல்லாம் ஒரே தொகுதியாக வாங்குவது. கோவை உக்கடம் பக்கத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். பழைய தட்டாக இருந்தால் கனத்தை அளந்து பார்க்க வேண்டும். கீறல் ஆழமாக இருந்தால் வேண்டாம். காலிப்பரின் ரப்பர் உறுப்புகளைப் புதிதாக மாற்றியே தீர வேண்டும். போல்ட்டுகளும் அதற்குரிய உயர்வலிமைப் போல்ட்டுகளாகவே இருக்க வேண்டும். மோட்டார் பம்பு மாட்டுகிற போல்ட் இங்கு உதவாது. சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, காலிப்பர் ரிம்மின் உட்புறத்தில் உராய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரம் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் என்றேன். தட்டுக்கு அந்தக் குணம் இல்லை. ஆகவே பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் போட்டால், கால் வலிக்க மிதித்தும் வண்டி நிற்கத் தயங்கும். "டிஸ்க் போட்டேன், முன்னைவிட மோசமாகிவிட்டது" என்று குறைபடுவோரில் பலர் கதை இதுதான். பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தால் வேலை செய்கிறது. பெட்ரோல் எஞ்சினில் அந்த வெற்றிடம் தானாகக் கிடைக்கும். டீசல் எஞ்சினில் கிடைக்காது. அதற்கென்று வெற்றிடப் பம்பு ஒன்று வேண்டும். நம் பகுதியில் பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றுக்குப் பின்னாளில் டீசல் எஞ்சின் மாற்றினார்கள் என்பதை இங்கு நினைவூட்டுகிறேன். இன்னொன்று: எரிபொருளை மிச்சப்படுத்தலாம் என்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எஞ்சின் நின்றபின் பூஸ்டரில் தேங்கியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன்பின் மிதி கல்லாகிவிடும். டிரம் வண்டியில் அந்தப் பழக்கம் தவறு. டிஸ்க் வண்டியில் அது கொலைபாதகம்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். காலிப்பரின் பிஸ்டன் பெரியது; அதனை நகர்த்தக் கூடுதல் ஆயில் வேண்டும். பழைய சிலிண்டரின் அளவு போதாவிட்டால் மிதி தரையைத் தொடும். மேலும், டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சிறு வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதுவே பகை. அந்த அழுத்தம் இருந்தால் பேட் தட்டை விட்டு விலகாது; ஓடும் தொலைவெல்லாம் தேய்ந்துகொண்டே காயும். ஆகவே முன்சக்கரக் குழாயில் அந்த வால்வு இருக்கக் கூடாது. பின்சக்கரக் குழாயில் இருக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும். அத்தகைய வண்டியில் காலிப்பரிலிருந்து ஆயில் பின்வாங்கிவிடாமல் இருக்க, முன்குழாய்க்கு மிகக் குறைந்த அழுத்தமுடைய தனி வால்வு வேண்டியிருக்கும். இதை அறிந்த மெக்கானிக்கா என்பதைச் சோதிக்க, வால்வைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் வண்டியை விடலாம். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க" என்றால் யோசியுங்கள்.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றும்போதே இரட்டை அறை உடையதாக மாற்றிவிட வேண்டும். என்னைக் கேட்டால், டிஸ்க்கைவிட இதுவே பெரிய பேறு. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. எங்கேனும் ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கும் போயிற்று. இரட்டை அறையில் முன்னும் பின்னும் தனித்தனி. ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். கையில் பணம் குறைவாக இருப்பவர் டிஸ்க்கைத் தள்ளிப் போட்டுவிட்டு, இதையும் புதிய ரப்பர் குழாய்களையும் முதலில் போட்டுக்கொள்ளட்டும்.

பின்சக்கரங்களுக்கு டிரம்மே இருக்கட்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. அது முதலில் கட்டிக்கொண்டால் வண்டி பம்பரம் போல் சுழலும். ஆகவே முன்சக்கரம் சற்று முந்திக் கட்ட வேண்டும். ஈரமான, ஆள் இல்லாத சாலையில் குறைந்த வேகத்தில் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பின்புறம் முந்தினால் பின்குழாயின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் பின் டிரம்மிலேயே இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.

டிரம்மைக் கழற்றும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. உள்ளே படிந்திருக்கும் கரும்பொடியைக் காற்றுக்குழாயால் ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். அந்தத் தூசு நுரையீரலில் புகுந்தால் பல ஆண்டு கழித்து நோயாக வரும்.

இனித் தந்தையாரின் வாதத்துக்கு வருகிறேன். நினைவுப் பொருளில் கை வைக்கலாமா? அருங்காட்சியகத்தில் நிற்கும் காருக்கு டிஸ்க் வேண்டாம். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகத்துக்குப் போனால், பழைய வண்டிகள் இருந்தபடியே இருப்பதுதான் அவற்றின் பெருமை என்பது விளங்கும். சமதரையில், விடியற்காலையில், ஊருக்குள் மெதுவாக ஓட்டும் காருக்கும் டிரம்மைச் செவ்வையாக வைத்திருந்தால் போதும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட வேண்டிய காரின் நிலை வேறு. நம் தேர்களைப் பாருங்கள். 1970ஆம் ஆண்டில் மீண்டும் ஓடிய திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தேரின் அழகு குறைந்தது என்று சொன்னவரை நான் கண்டதில்லை. முட்டுக்கட்டை போடுபவரின் உயிருக்கு இருந்த அச்சம்தான் குறைந்தது.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு கட்டுகிறது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வண்டி என்று தனிப் பதிவு செய்துகொள்ள 2021இல் விதி வந்தது. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாமல் மூல வடிவில் வைத்திருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. கழற்றிய டிரம், ஷூ, வீல் சிலிண்டர், பழைய மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் துடைத்து, கிரீஸ் தடவி, பெயர் எழுதிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் வைக்க வேண்டும். எந்த உறுப்பையும் வெட்டாமல் பொருத்தியிருந்தால், பின்னொரு நாள் வேண்டுமானால் அப்பாரு வைத்திருந்தபடியே திருப்பி மாட்டிவிடலாம். இதைக் கேட்டபின்தான் தந்தையார் முகம் தெளிந்தது.

வேலை முடிந்த அன்றே மலைக்குப் புறப்படக் கூடாது. புதிய பேட் தட்டோடு இழைய வேண்டும். விடியற்காலையில் ஊருக்கு வெளியே நேரான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, மீண்டும் வேகமெடுத்து, இடையே காற்று பட விட்டு, பத்துப் பன்னிரண்டு முறை செய்க. முழுவதும் நிறுத்தி மிதித்தபடி வைத்திருக்க வேண்டாம். சூட்டில் தட்டின் ஓரிடத்தில் பேட் ஒட்டிக்கொள்ளும். பிறகு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிச் சூட்டை ஒப்பிடுக. ஒன்று மட்டும் காய்ந்தால் அங்கே பேட் விடவில்லை என்று பொருள். அடுத்த வாரம் தனியாக ஆழியாறு தாண்டி ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனை வரை ஏறி, இரண்டாம் கியரிலேயே இறங்கி வருக. அடிவாரத்தில் மிதியின் ஆழம் ஏறும்போது இருந்த அளவிலேயே இருக்கிறதா என்று பார்த்து, ஆயில் குப்பியின் மட்டத்தையும் நோக்கிய பிறகு வீட்டாரை ஏற்றிக்கொள்ளலாம்.